வாடகை வீடு கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? சேலம், ஏற்காடு வீட்டுக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆக்கிரமிப்பு என்றதும், ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டை உடைத்து உள்ளே நுழைகிற கும்பல்தான் நம் நினைவுக்கு வரும். அப்படியும் நடக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் வீட்டு வழக்குக்காக அலைகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எதிராளி பெரும்பாலும் வீட்டுக்காரரே சாவி கொடுத்து உள்ளே விட்ட ஆளாகத்தான் இருப்பார். காலம் முடிந்தும் நகராத வாடகைதாரர், போக்கியத்துக்கு வந்தவர், "ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறேன்" என்று வந்த சொந்தக்காரர், ஏற்காட்டு பங்களாவில் குடும்பத்தோடு தங்கிவிட்ட காவலாள்.

அதனால் இந்த வழிகாட்டியில் பூட்டைவிடக் காகிதத்துக்குத்தான் அதிக இடம். ஒருவர் உங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தார், யார் அனுமதியில் இருக்கிறார் என்பதை எந்த நாளிலும் நிரூபிக்க முடிந்தால், பாதி வழக்கு அப்போதே உங்கள் பக்கம்.

முதலில் அந்தப் பன்னிரண்டு வருஷக் கதை

"பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் வீடு அவனுக்கே சொந்தம்" என்று டீக்கடையில் சொல்வார்கள். இது அரைகுறை உண்மை. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின்படி, தன் சொத்து வேறொருவர் கையில் எதிரிடையாக இருக்கும்போது உரிமையாளர் 12 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமையை இழக்கக்கூடும். இதில் 'எதிரிடையாக' என்பதுதான் விஷயமே. "இது என்னுடையது, உன்னுடையது அல்ல" என்று ஊரறிய, தொடர்ச்சியாக அனுபவித்திருக்க வேண்டும். உங்கள் அனுமதியோடு வாடகை கொடுத்து இருப்பவர் எத்தனை வருஷம் இருந்தாலும் வாடகைதாரர்தான். காவலாளுக்கும் இதே கதிதான்: வாட்ச்மேன், வேலையாள் போன்றவர்கள் எவ்வளவு காலம் இருந்தாலும் சொத்தில் உரிமை பெறமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் ஒரு தீர்ப்பில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

சரி, அப்படியானால் பயம் எதற்கு? வாடகையை ரொக்கமாக வாங்கி, ரசீதும் கொடுக்காமல், ஒப்பந்தமும் போடாமல் விட்டிருந்தால், அவர் வாடகைதாரர் என்பதையே நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். "நான் வாடகைக்கு வரவில்லை, உங்கள் அப்பா வாய்ப்பேச்சில் எனக்கே விற்றுவிட்டார்" என்று அவர் ஆரம்பித்தால் வழக்கு எங்கேயோ போய்விடும்.

படி 1: உங்கள் பெயரில் எல்லாம் இருக்கிறதா?

வாடகைக்கு விடும் முன் கிரயப் பத்திரம், பட்டா, சொத்துவரி, ஈ.பி. இணைப்பு, தண்ணீர் இணைப்பு எல்லாம் இப்போதைய உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும். அப்பா காலமாகிப் பத்து வருஷமாகியும் ஈ.பி. கார்டில் அவர் பெயரே ஓடுகிற வீடுகள் செவ்வாய்ப்பேட்டையிலும் குகையிலும் நிறைய உண்டு. வாரிசுகளுக்குள் பாகம் பிரிக்காத வீடு என்றால் எல்லாரும் சேர்ந்து ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். ஒரு தம்பி வாடகைக்கு விட்டு, இன்னொரு தம்பி அதே ஆளிடம் "நீ இரு, நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் அந்த ஆளை யார் காலி செய்ய வைப்பது?

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வருஷத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் யாராவது போலிப் பத்திரம் பதிந்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

படி 2: ஆளைப் பாருங்கள்

ஆதார் நகல் வாங்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் நம்பரைக் கேட்டு நேரில் பேசுங்கள். இப்போதைய வீட்டுக்காரரைக் கேட்டுப் பயனில்லை. தொல்லை ஒழிந்தால் போதும் என்று அவர் நல்லபடியாகத்தான் சொல்வார். அதற்கு முந்தையவர்தான் உண்மையைச் சொல்வார். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் வாடகைதாரர் விவரத்தைச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டவரைக் குடிவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

வீட்டை எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்பதையும் கேளுங்கள். சிவதாபுரம் பக்கம் குடியிருக்க என்று எடுத்த வீட்டில் கொலுசுப் பட்டறை, அம்மாபேட்டையில் தறி என்று போட்டுவிட்டால், பிறகு காலி செய்யச் சொல்வது ஒரு குடும்பத்தை அல்ல, ஒரு தொழிலை. பிடிவாதமும் அதற்கேற்ப இருக்கும்.

படி 3: ஒப்பந்தமும் பதிவும்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; இதற்காக அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 90 நாள் அவகாசம். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், பதிவானதும் ஒரு பதிவு எண் கிடைக்கும்.

"பதினொரு மாத அக்ரிமெண்ட் போட்டாச்சே, அது போதாதா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். பதினொரு மாதம் என்பது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைத் தவிர்க்க நம் முன்னோர் கண்டுபிடித்த வழி. இந்தச் சட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது. எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டுவதிலும் சிக்கல் வரும். புரோக்கர் கொண்டுவரும் அச்சடித்த படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

உங்கள் வீடு மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறதா, ஊராட்சி எல்லைக்குள் இருக்கிறதா என்பதையும் வக்கீலிடம் சொல்லி, எந்தச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் எழுதுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலைமேல் இருக்கும் வீடுகளுக்கு இந்தக் கேள்வி ரொம்பவே முக்கியம்.

ஒப்பந்தத்தில் இவையெல்லாம் இருக்கட்டும்:

- குடியிருக்கப் போகும் ஒவ்வொருவரின் பெயர், வயது, உறவுமுறை. பெயர் இல்லாதவர் நிரந்தரமாகத் தங்கக்கூடாது.
- ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி. "இரு தரப்பும் விரும்பும்வரை" என்ற வாசகமே வேண்டாம்.
- குடியிருப்புக்கு மட்டும், அல்லது கடைக்கு மட்டும் என்ற தெளிவு.
- உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகையோ போக்கியமோ விடக்கூடாது என்ற நிபந்தனை.
- 24 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட்டு வீட்டைப் பார்வையிடும் உரிமை.
- ஒப்படைக்கும் நாளில் ஈ.பி. மீட்டர் ரீடிங், கொடுத்த சாவிகளின் எண்ணிக்கை, மின்விசிறி, கீசர் பட்டியல், படங்கள்.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். சேலத்தில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற வீட்டுக்காரர்களைப் பார்க்கிறோம். பெரிய அட்வான்ஸ் பாதுகாப்பு என்பது அவர்கள் எண்ணம். என் அனுபவத்தில் அது தலைகீழாகத்தான் வேலை செய்கிறது: காலி செய்யும் நாளில் உடனே எடுத்து நீட்ட உங்களிடம் பணம் இருக்காது, "காசைக் கொடுங்க, சாவியைத் தரேன்" என்று அவர் உட்கார்ந்துகொள்வார். வாங்கிய அட்வான்ஸைத் தனியாக ஒரு வைப்புநிதியில் போட்டுவையுங்கள்.

ஒப்பந்தக் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் விட்டால், அதே நிபந்தனைகளில் மாதாமாதம் நீள்வதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதிகபட்சம் ஆறு மாதம். ஆகவே முடிவுத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே போனில் ஒரு நினைவூட்டல் வைத்து, புதுப்பிப்பதா வேண்டாமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 4: வாடகையை வாங்கும் விதம்

வங்கிக் கணக்குக்கோ யு.பி.ஐ. வழியாகவோ மட்டும் வாங்குங்கள். குறிப்பில் 'ஜூன் மாத வாடகை' என்று போடச் சொல்லுங்கள். ரொக்கமாக வாங்கியே ஆகவேண்டும் என்றால் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் அவருடைய கையெழுத்து இருக்கட்டும். இருபது வருஷம் கழித்தும் "இவர் என் வாடகைதாரர்" என்று சொல்ல இந்தக் காகிதங்கள் போதும்.

தகராறு வந்ததும் கோபத்தில் வாடகையை வாங்க மறுப்பவர்கள் உண்டு. வேண்டாம். அவர் அதை வாடகை அதிகாரியிடம் கட்டிவிட்டு, "நான் கொடுத்தேன், இவர்தான் வாங்கவில்லை" என்று நல்ல பிள்ளையாகிவிடுவார். காலம் முடிந்த பிறகு வரும் பணத்தைக்கூட, 'இது வாடகை அல்ல, வீட்டைப் பயன்படுத்தியதற்கான இழப்பீடு. காலி செய்யக் கோரும் என் உரிமையைப் பாதிக்காது' என்று எழுத்தில் தெரிவித்து வாங்கலாம். இந்த வாசகத்தை வக்கீலிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

படி 5: போக்கியமும் உள்வாடகையும்

லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விடுவதுதான் போக்கியம். மகள் கல்யாணம், பையன் படிப்பு என்று அந்தப் பணம் செலவாகிவிடும். மூன்று வருஷம் கழித்துத் திருப்பித் தர வழியில்லாதபோது அவர் காலி செய்யமாட்டார். நியாயமும் அவர் பக்கம்தான். பணத்தைத் தொடாமல் வைத்திருக்க முடியாதவர்கள் போக்கியத்துக்கு விடவே கூடாது என்பது என் கட்சி.

இதைவிட மோசமான மோசடி ஒன்று உண்டு. ஒருவர் உங்களிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுப்பார். தானே உரிமையாளர் போலவோ, உங்கள் ஏஜென்ட் போலவோ காட்டிக்கொண்டு இன்னொரு குடும்பத்திடம் சில லட்சங்களுக்குப் போக்கியமாக விட்டுவிடுவார். சில மாதம் உங்களுக்கு வாடகை ஒழுங்காக வரும், அப்புறம் ஆளையே காணோம். நீங்கள் போய்க் கதவைத் தட்டினால் திறப்பது யாரோ. பணத்தை இழந்த அந்தக் குடும்பம் எளிதில் வெளியே போகாது. இதற்கு ஒரே மருந்து நேரில் போவதுதான். குடிவந்த மாதத்திலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், சொல்லிவிட்டுப் போய் உள்ளே இருப்பவர் யார் என்று கண்ணால் பாருங்கள். வாசலில் உங்கள் பெயரும் போன் நம்பரும் போட்ட ஒரு கல்வெட்டோ பலகையோ இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரே கூப்பிட்டுச் சொல்வார்.

படி 6: பூட்டிக் கிடக்கும் வீடு

பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும், அம்மா அப்பா காலமான பிறகு ஃபேர்லேண்ட்ஸிலோ அழகாபுரத்திலோ வீடு பூட்டிக் கிடக்கிறது. நேர்மையாகச் சொன்னால், குறைந்த வாடகைக்காவது நல்ல ஆளைப் பதிவு செய்த ஒப்பந்தத்தோடு குடிவைப்பதே மேல். அது முடியாதென்றால், யாரும் நுழைந்தால் உடனே தெரிகிற மாதிரி வைத்திருங்கள்.

இதற்குச் செலவே இல்லாத ஒரு வழி ஈ.பி. கணக்கு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், ஒருவர் சத்தமில்லாமல் உள்ளே தங்கியிருந்தாலும் பில் தொகை பூஜ்யமாகவே வரலாம். தொகையைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்த வீட்டில் 40 யூனிட் ஓடியிருந்தால் அன்றைக்கே யாரையாவது அனுப்புங்கள்.

சொத்துவரியை ஒவ்வொரு அரையாண்டும் நேரத்துக்குக் கட்டி ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று மாநகராட்சிக்கு நான்கு மண்டலங்கள்; உங்கள் மண்டல அலுவலகத்தில் போன் நம்பரைப் பதிந்து வைத்தால் அந்தக் கணக்கில் நடப்பது உங்களுக்கு வரும். வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடிப்பதோ சின்ன ரிப்பேரோ செய்து பில்லை வையுங்கள். சொத்து உங்கள் அனுபவத்தில், அதாவது உங்கள் கைவசம், இருந்ததற்கு இவையெல்லாம் சாட்சி. காலிமனை என்றால் நான்கு பக்கமும் வேலியும் பெயர்ப்பலகையும் வேண்டும்.

படி 7: ஏற்காட்டுச் சொத்து

மலைமேல் நிலைமை வேறு. இருபது கொண்டைஊசி வளைவு ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதாலேயே உரிமையாளர்கள் கோடை விழா நேரத்தில் மட்டும் தலைகாட்டுவார்கள். மற்ற மாதங்களில் வீடு காவலாள் வசம்.

காவலாளுக்கு நியமனக் கடிதம் கொடுங்கள். அதில் அவர் வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, வேலையின் பொருட்டு மட்டுமே இந்த அறையில் தங்குகிறார், வேலை முடிந்தால் இத்தனை நாளில் காலி செய்யவேண்டும் என்பதெல்லாம் தமிழில், அவருக்குப் புரிகிற மாதிரி இருக்கட்டும். சம்பளத்தை மாதாமாதம் வங்கியில் போடுங்கள். "சம்பளம் வேண்டாம் சாமி, தங்க இடம் கொடுத்தாப் போதும்" என்று வருகிறவரை இரக்கப்பட்டுச் சும்மா சேர்க்காதீர்கள். அது அவருக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் பின்னால் காட்ட ஒரு காகிதம் இருக்காது. மனிதர் நாணயமானவராகவே இருக்கலாம்; அவருடைய பிள்ளைகள் காலத்தில் வரும் கேள்விக்குத்தான் இந்த ஏற்பாடு.

காப்பியும் மிளகும் இருக்கும் தோட்டம் என்றால் 'விளைச்சலில் பாதி உனக்கு' என்று வாய்ப்பேச்சில் விடுவதைத் தவிருங்கள். நாளை அவர் 'நான் வேலையாள் இல்லை, குத்தகைதாரர்' என்று சொல்ல அதுவே வழியாகிவிடும். கூலி கொடுத்துப் பறித்து, விற்ற பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள். பெரிய எஸ்டேட்களில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குத் தொழிலாளர் சட்டங்கள் தனியாக உண்டு. இந்த வழிகாட்டியை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

எல்லை இன்னொரு தலைவலி. நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் சரிவான நிலத்தில் எல்லைக்கல் மழையில் புதைந்துபோகும், புதர் மூடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலி போடும்போது வருஷத்துக்கு ஓரடி நகரும். நில அளவையருக்கு விண்ணப்பித்து, புலப்படத்தின்படி (நிலத்தின் அளவு வரைபடம்) அளந்து, கல் நட்டு, பக்கத்து நிலக்காரர்களின் முன்னிலையில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஹோம்ஸ்டே விடுகிறவர்கள் வருகைப் பதிவேடும் நாள்வாரியான பில்லும் வைத்திருக்க வேண்டும். "வீட்டிலிருந்தே வேலை, ஆறு மாசம் தங்கிக்கிறோம்" என்று வருகிறவர் விருந்தாளி இல்லை, வாடகைதாரர். அவருக்கு ஒப்பந்தம் போடுங்கள்.

படி 8: தூரத்தில் இருப்பவர்கள் கொடுக்கும் பவர்

உங்களுக்குப் பதிலாக ஒருவர் செயல்பட எழுதிக்கொடுக்கும் பவர் பத்திரத்தில், வாடகைக்கு விட, வாடகை வாங்க, நோட்டீஸ் கொடுக்க, வழக்கு நடத்த மட்டும் அதிகாரம் கொடுங்கள். 'விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை' என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும். ஆளை மாற்றினால் பழைய பவரை ரத்து செய்து, பதிந்து, வாடகைதாரருக்கும் தெரிவியுங்கள்.

படி 9: காலி செய்ய மறுத்தால்

முதலில் செய்யக்கூடாதவை. தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, அவர் ஊருக்குப் போனபோது பூட்டை மாற்றுவது, நாலு பேரைக் கூட்டிப்போய்ச் சாமானை வெளியே போடுவது. அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை வாடகைச் சட்டமே தடை செய்கிறது. மற்றவை உங்கள் மேலேயே போலீஸ் கேஸ் ஆகும். கட்டப் பஞ்சாயத்துக்காரரிடம் போனால் வாடகைதாரர் போய்விடுவார், பஞ்சாயத்துக்காரர் போகமாட்டார்.

வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு வாடகை நீதிமன்றத்தில் மனு. எழுத்தில் ஒப்பந்தம் போட மறுத்தது, இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து நோட்டீஸுக்குப் பிறகும் கட்டாதது, சம்மதமின்றி வேறொருவரிடம் வீட்டைக் கொடுத்தது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்தியது, உங்களுக்கே வீடு தேவைப்படுவது ஆகியவை ஏற்கத்தக்க காரணங்களில் சில. காலம் முடிந்தும் உட்கார்ந்திருப்பவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. அதை நோட்டீஸிலேயே எழுதுங்கள். பலர் அந்த வரியைப் படித்ததும்தான் வேறு வீடு தேட ஆரம்பிக்கிறார்கள்.

நோட்டீஸ் கிடைத்ததும் அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்கு ஓடி, "என்னை அடித்துத் துரத்தப் பார்க்கிறார்கள்" என்று தடையுத்தரவு கேட்பது வழக்கமான தந்திரம். அதற்கு முன்பே நீங்கள் கேவியட் மனு போட்டுவைத்தால் உங்களைக் கேட்காமல் உத்தரவு வராது. அது 90 நாள்தான் செல்லும். தேவைப்பட்டால் மறுபடி போடவேண்டும்.

படி 10: பூட்டை உடைத்து நுழைந்தால்

இங்கே ஒவ்வொரு நாளும் கணக்கு. தெரிந்த அன்றே படம், வீடியோ எடுத்து, பத்திர நகல், வரி ரசீது, ஈ.பி. விவரத்தோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். நகருக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையர், ஏற்காடு என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் என்று மேலிடமும் வேறு. அத்துமீறி நுழைவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (இப்போதைய தண்டனைச் சட்டம்) 329-ஆம் பிரிவில் குற்றம். போலிப் பத்திரமும் சேர்ந்திருந்தால் நில அபகரிப்புப் பிரிவில் மனு கொடுங்கள். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று நிலையத்தில் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். புகாரைப் பதிவுத் தபாலில் மேலதிகாரிக்கும் அனுப்பிவையுங்கள்.

அமைதிக்குப் பங்கம் வரும் அளவு தகராறு என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 164-ஆம் பிரிவில் நிர்வாக நடுவர் (ஆர்.டி.ஓ. போன்ற வருவாய்த்துறை அதிகாரி) விசாரிக்கலாம். தகவல் அவருக்குப் போவதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை, அனுபவத்தில் இருப்பவராகவே அவர் கருத முடியும். அந்த இரண்டு மாதம் தாண்டிவிட்டால், 1963-ஆம் ஆண்டு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இருக்கிறது: வெளியேற்றப்பட்ட ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், யார் உரிமையாளர் என்ற நீண்ட விசாரணை இல்லாமலே அனுபவத்தைத் திரும்பக் கேட்கலாம். அதையும் விட்டால் பத்திரத்தை வைத்து முழு உரிமை வழக்கு. அதற்குத்தான் அந்த 12 ஆண்டு. சொந்தக்காரர்களை விட்டுப் பேசிப் பார்க்கலாம் என்று ஏழாவது மாதம் வரை இழுத்தடித்து வக்கீலிடம் வருகிறவர்கள் கையிலிருந்த சுலபமான வழியை இழந்துவிடுகிறார்கள். பேசுங்கள், ஆனால் வழக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

சாவி திரும்பி வந்ததும்

'இன்ன தேதியில் காலி செய்து, அட்வான்ஸ் பாக்கி பெற்று, சாவியை ஒப்படைத்துவிட்டேன்' என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். பிடித்தம் போக மீதி அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள். விட்டுப்போன பீரோ, கட்டில் எதையும் "அப்புறம் எடுத்துக்கிறேன்" என்று உள்ளே வைக்க விடாதீர்கள். அன்றைக்கே ஆளை வைத்து எல்லாப் பூட்டையும் மாற்றி, அந்த முகவரிக்கு எடுத்த கேஸ் இணைப்பையும் ரேஷன் கார்டையும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.